இடது கையால் திறக்காத கத்தி

போன வாரம் எங்கள் மில் வேன் டிரைவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் இரண்டு மடக்குக் கத்திகள். வெங்காயம் நறுக்குகிற சாமான் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நல்ல சைக்கிள் விலை இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சதீஷ் போனில் கூப்பிட்டுவிட்டான். நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த நூல் மில்லில், நான் விட்டுவிட்டு வந்த மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்.

"பெட்டி வந்துச்சுங்களாண்ணா? ஃபிட்டருங்க எல்லாத்துக்கும் ஆளுக்கொரு நல்ல கத்தி வாங்கிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. தெனமும் பாக்கெட்டுல வச்சிருக்கற மாதிரி. ரெண்டு சாம்பிள் வந்திருக்குது. எதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா ஆர்டர் போட்டுருவேன்."

"எங்கிட்ட எதுக்குடா கேக்கற? நெட்டுல பாத்துக்க வேண்டியதுதானே?"

"நெட்டுல பாத்துத்தாங்ணா கொழம்பிப் போய்க் கெடக்கறேன். ஒருத்தன் இரும்பப் பத்தியே ஒரு மணி நேரம் பேசறான். கத்தின்னா நீங்கதானுங்களே!"

மில்லில் அப்படித்தான் சொல்வார்கள். ஆயுத பூஜை அன்று மைக் வைத்தே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு வந்த கதை சதீஷுக்குத் தெரியும், மில்லில் எல்லோருக்கும் தெரியும். அதில் பாதி பொய். பொய் சொன்னவன் நான்தான். ரிட்டயர் ஆகி ஐந்து வருடம் ஆகிறது; இனிமேல் என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

நூல் மில்லில் கத்திக்கு என்ன வேலை என்று வெளியாட்கள் கேட்பார்கள். ஏகப்பட்ட வேலை. உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் அறுத்து எடுக்க வேண்டும். பெல்ட் பிசிறு விட்டால் சீவ வேண்டும். ஒயர் சீவ, பேக்கிங் வெட்ட, கிரீஸ் கட்டி சுரண்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் எல்லோருக்கும் கத்தி கிடையாது. மெஷின் ஓட்டுகிற பெண்களுக்குக் கொக்கி மட்டும்தான் கொடுப்போம். கத்தி கொடுத்தால் அவசரத்தில் ரப்பர் உருளையையும் சேர்த்துக் கீறிவிடுவார்கள் என்று கணக்கு. ஷெட்டுக்குள் கத்தி வைத்திருக்க உரிமை உள்ளவர்கள் நாங்கள் ஏழெட்டு ஃபிட்டர்கள்தான். அதுவும் மடக்குக் கத்தி. நீட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி ஏறி இறங்கினால் தன் தொடையையே கிழித்துக்கொள்ள நேரும்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு உள்ளே போனபோது எனக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. முதல் மூன்று வருடம் கிரீஸ், கழிவுப் பஞ்சு, திட்டு. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது பழனியப்பன் சாரைப் பற்றி. அப்போது அவர்தான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலில் ஷெட்டுக்குள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவோம். அவர் மட்டும் கத்த மாட்டார். வீட்டுக் கூடத்தில் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் பேசுவார். என்ன சொன்னார் என்று கேட்க நாம்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். குனிந்த பிறகு அவர் சொல்வது பெரும்பாலும் திட்டாக இருக்கும்.

காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்துவார். "காட்டு" என்பார். பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துப் பெஞ்சு மேல் வைக்க வேண்டும். துடைக்கிற துணி, இடைவெளி பார்க்கிற கேஜ், கத்தி. கத்தியை விரித்து, ஓர் இழை நூலை இரண்டு விரலில் தொங்கவிட்டு, அலகை அதன் மேல் வைப்பார். இழுக்க மாட்டார், அழுத்த மாட்டார். நூல் தானாக அறுந்து விழ வேண்டும். விழாவிட்டால், "இது கத்தியில்லடா, தோசத் திருப்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு முழுக்க அவனுக்கு அதுதான் பெயர்.

அதோடு விட மாட்டார். நம் வலது மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். "இப்ப எடது கையில தொற" என்பார். கத்தியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, விரித்து, மடக்கி, திரும்பப் பாக்கெட்டில் போட வேண்டும், ஒரே கையால். எங்களுக்கெல்லாம் சிரிப்பு வரும். கிழவருக்குக் கிறுக்கு என்று பேசிக்கொள்வோம்.

ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். "எதுக்குங்க சார் இது? ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்குது?"

"கத்தி வேணுங்கற நேரத்துல ஒரு கை வேற எதையாச்சும் புடிச்சிட்டு இருக்கும்டா. அதை உட்டுட்டுத்தான் தொறக்கோணும்னா அந்தக் கத்தி எதுக்கு?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அந்தச் சமயத்தில் மில்லுக்குப் புது கார்டிங் மெஷின்கள் வந்தன. பஞ்சைச் சீப்பு மாதிரி வாரிச் சீராக்குகிற மெஷின். நாங்கள் சுருக்கமாகக் கார்டு என்போம். அவற்றைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். புறப்படும்போது தன் டூல்பாக்ஸிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்து, பழனியப்பன் சாருக்கும் எனக்கும் ஆளுக்கொன்று என்று பெஞ்சு மேல் வைத்தார். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படிப்பட்ட கத்தியைப் பார்த்ததே இல்லை.

ஒன்று கறுப்பு. சொரசொரப்பான கைப்பிடி, அலகின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பார்த்தால் முடிக்காமல் விட்ட சாமான் மாதிரி இருந்தது. இன்னொன்று, அடடா! எலும்புக் கைப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், அலகில் முகம் பார்க்கலாம். அலகின் பக்கத்தில் நகத்தை வைத்து இழுக்க மெல்லிய பள்ளம் ஒன்று. விரித்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே மயங்கிவிட்டேன்.

"நீ மொதல்ல எடு" என்றார் பழனியப்பன் சார்.

எலும்புக் கைப்பிடியை எடுத்தேன்.

"எடது கையில தொற."

நகத்தால் இழுக்க முடியாது. இழுக்க இன்னொரு கை வேண்டும். இரண்டு மூன்று தடவை முயன்றேன். "பழகிக்கறேனுங்க சார்" என்றேன்.

"இது பழகற விசயமில்ல. ஊட்டுல வச்சு அழகு பாரு. வேலைக்கு வேற வச்சுக்க." கறுப்பை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சரிங்க என்றேன். வேறு வாங்கவில்லை. அந்தக் கத்தியை விட்டு இருக்க எனக்கு மனசு வரவில்லை. டீக்கடையில் நாலு பேர் நடுவில் எடுத்து நகம் வெட்டுவேன். கல்யாண வீட்டில் மாலை நாரை அறுப்பேன். யாராவது, "ஏனுங்க, குடுங்க பாப்போம்" என்று கேட்டால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும். வெட்கமாக இருக்கிறது இதை எழுத. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

பழனியப்பன் சார் ரிட்டயர் ஆகி, கொஞ்ச நாளில் காலமும் ஆகிவிட்டார். அவர் இடத்துக்கு நான் வந்தேன். காலையில் நானும் "காட்டு" என்றேன். நூல் பரீட்சையும் வைத்தேன். இடது கைப் பரீட்சையை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். வைத்தால் முதலில் தோற்கிறவன் நானாக இருப்பேன் அல்லவா? யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிறுக்குக் கிழவரோடு அந்தக் கிறுக்கும் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கார்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் நடுவில் இருக்கிற பெரிய சிலிண்டர் பயங்கர கனம். சுவிட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது. தன் கனத்திலேயே ஏழெட்டு நிமிடம் சுற்றித்தான் ஓயும். ஓயும் வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது என்று சுவரில் போர்டு உண்டு. ஆனால் எந்த மில்லில் ஏழெட்டு நிமிடம் சும்மா நிற்பார்கள்? சுவிட்சை அணைத்தவுடனேயே மூடியைத் தூக்கி, அது ஓடி ஓய்வதற்குள் அடியில் தேங்கிய பஞ்சைக் கொக்கியால் இழுத்துச் சுத்தம் செய்துவிடுவோம். ஓய்ந்ததும் திரும்ப ஓட்ட வேண்டியதுதான். எல்லா ஷிஃப்டிலும் அதுதான் நடைமுறை. செய்யச் சொன்னவர்களில் நானும் ஒருவன். "அணைச்சாச்சில்ல, என்ன பயம்?" என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

பூங்கொடி கார்டு ஓட்டுகிற பெண். ராசிபுரம் பக்கத்திலிருந்து மில் பஸ்ஸில் வருவாள். அப்போது முப்பது வயது இருக்கும். கணவன் லாரிக்குப் போகிறவன், ஒரே மகள். வேலையில் கை வேகம், வாயும் வேகம். ஃபிட்டர்களையெல்லாம் பெயர் வைத்துக் கிண்டல் செய்வாள். என் கத்திக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. "மாப்ள இன்னிக்கு பாக்கெட்ட விட்டு வெளிய வரலீங்களா?" என்பாள்.

அன்று மதியம் ஒன்றே முக்கால் மணி. ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஆறாம் நம்பர் கார்டைச் சுத்தம் செய்து ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. சுவிட்சை அணைத்தாள், மூடியைத் தூக்கினாள், குனிந்தாள். நான் அடுத்த கார்டில் பெல்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணா!" என்று ஒரே ஒரு சத்தம்.

கார்டின் வாய்ப்பக்கம் பஞ்சைக் கவ்வி இழுக்க ஒரு சின்ன உருளை உண்டு, பெரிய சிலிண்டர் ஓயும் வரைக்கும் அதுவும் கூடவே சுற்றும். மேலெல்லாம் ரம்பப் பல். அது அவளுடைய மில் கோட்டின் வலது கை நுனியைப் பிடித்துவிட்டது. நல்ல கெட்டிக் காடாத் துணி; கிழியாது. உருளை சுற்றச் சுற்றத் துணி உள்ளே போகிறது, துணியோடு கையும். அணைப்பதற்கு ஒன்றுமில்லை, ஏற்கெனவே அணைத்தாகிவிட்டது. ஓயும் வரைக்கும் அது விடாது.

தாவிப் போய் அவள் முழங்கைக்கு மேலே கோட்டுத் துணியை என் இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெஷின் சட்டத்தில் காலை உதைத்து இழுத்துப் பிடித்தேன். பிடித்தால் மெதுவாகப் போகிறது. கொஞ்சம் தளர்த்தினால் விர்ரென்று போகிறது. அவள் இடது கையால் என் தோளைச் சட்டையோடு கொத்தாகப் பிடித்திருந்தாள். அந்த இழுப்பில் என் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில். "அறுங்ணா, அறுங்ணா, துணிய அறுங்ணா" என்கிறாள். அழவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாள்.

வலது கையால் கத்தியை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன செய்ய? திறக்க இரண்டு கை வேண்டும். தொடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மெஷின் விளிம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். வழவழவென்று அத்தனை அழகாக இழைத்திருந்தான் அதைச் செய்த பாவி, எதிலும் மாட்டவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை பல்லில் ஒரு சில்லு போயிற்று. மூன்றாம் தடவை திறந்தது, என் உதட்டையும் கிழித்துக்கொண்டு. துணி ஒரே வீச்சில் அறுந்தது. நூல் பரீட்சையில் அந்தக் கத்தி ஒருநாளும் தோற்றதில்லை.

நான் அவளிடம் ஓடியபோது விரல் நுனிகள்தான் உள்ளே போயிருந்தன. அறுத்தபோது முழங்கை வரைக்கும் போயிருந்தது. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

சேலத்தில் ஆஸ்பத்திரி. முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் ஆளே போயிருப்பாள், கத்தி வைத்திருந்தவர் புண்ணியவான் என்று அங்கே யாரோ சொல்ல, அது மில் முழுக்கப் பரவிவிட்டது.

மில்லில் விசாரணை வைத்தார்கள். "கத்தி இருந்துமா இவ்வளவு தூரம் போச்சு?" என்று ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. உதட்டில் தையலோடு உட்கார்ந்திருந்த நான், "நேரமே இல்லீங்க, கண் மூடித் தொறக்கறதுக்குள்ள போயிருச்சுங்க" என்றேன். நேரம் இருந்தது. மூன்று தடவை பல்லால் கடிக்கிற நேரம் இருந்தது. என்னிடம் இருந்தது கறுப்புக் கத்தி என்றால் அவளுக்கு விரலோடு போயிருக்கும். அதை நான் சொல்லவில்லை. எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கத்தியை வாங்கிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். தூ!

பூங்கொடி பிழைத்து எழுந்து, ராசிபுரம் தாண்டி நாமக்கல் ரோட்டோரம் ஒரு பெட்டிக்கடை போட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பும் ஒரு தூக்கு நெய்யும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் மனைவியிடம், "அண்ணன் இல்லீன்னா நான் என்னிக்கோ போட்டாவுக்குள்ள போயிருப்பேனுங்க" என்பாள். மகள் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நெய்யை ஒரு கரண்டி கூட நான் வாயில் வைத்ததில்லை. மனைவி கேட்டால் கொழுப்பு என்று சொல்லிவிடுவேன்.

சதீஷ் அனுப்பிய இரண்டு கத்திகளையும் மூன்று நாள் மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று டைட்டானியம், நீலச் சாம்பல் நிறம், தொட்டால் விடத் தோன்றாது. இன்னொன்று கறுப்பு, அலகில் ஓட்டை. என் கைக்கு இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அதற்குமேல் என் கையை நம்ப எனக்குத் தைரியமில்லை. நாலாம் நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு பூங்கொடியின் கடைக்குப் பஸ் ஏறினேன். என் பாக்கெட்டில் வழக்கம்போல அந்த எலும்புக் கத்தியும் இருந்தது. தூக்கிப் போட முடியாமல் இத்தனை வருடம் அது என்னோடுதான் இருக்கிறது.

"வாங்ணா! ஏனுங்ணா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? அண்ணி சோறு போடறாங்களா இல்லீங்களா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பேசிக்கொண்டே, தொங்கிய ஷாம்பு சரத்திலிருந்து இரண்டு பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்து ஒரு பெண்ணிடம் கொடுத்தாள்.

"அம்மிணி, இந்த ரெண்டு கத்தியில எது தேவலாம்னு நீ பாத்துச் சொல்லோணும். மில்லுக்கு வாங்கறாங்க."

"எனக்கென்னங்ணா தெரியும் கத்தியப் பத்தி?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "ஓ, ஒத்தக் கைப் பரீட்சைங்களா? குடுங்க, குடுங்க."

டைட்டானியத்தை எடுத்தாள். முதுகில் இருந்த சின்னக் கொம்பை அழுத்தியதும் அலகு பாய்ந்து வந்தது. "ஆத்தாடி!" என்று சிரித்தாள். மடக்கப் பார்த்தாள். பூட்டு வலது கட்டைவிரலுக்கு என்று செய்தது. இடது கையில் விரல் முறுக்கிக்கொண்டது. வயிற்றில் வைத்து அழுத்தியும் முடியவில்லை. "தொறக்கப் பிரமாதமுங்க. மூடறதுக்கு இன்னொரு ஆளக் கூப்புடோணும்."

கறுப்பை எடுத்தாள். கட்டைவிரலை ஓட்டையில் விட்டுத் தள்ளினாள், திறந்தது. இரண்டு பக்கமும் இருந்த குமிழைப் பின்னால் இழுத்து ஓர் உதறு உதறினாள், மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து ஷாம்பு சரத்தில் ஒன்றை வெட்டினாள். "இதுதாங்ணா. பாக்கத்தான் நல்லால்ல. ஆனா இதுதான்."

வேலை முடிந்தது. எழுந்து வந்திருக்கலாம். என் கை பாக்கெட்டுக்குள் போய் எலும்புக் கத்தியை எடுத்து மிட்டாய் பாட்டில் மூடி மேல் வைத்தது.

"இதையும் பாரு."

"அட, மாப்ள!" அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு திறக்கப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்தால் கைப்பிடி நழுவியது. தொடையில் அழுத்திப் பார்த்தாள். கடைசியில் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வேண்டாம் அம்மிணி" என்றேன். "அன்னிக்கு நானும் அப்படித்தான் பண்ணினேன். மூணு தடவ."

அவள் கத்தியை வாயிலிருந்து இறக்கினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு மேல் இருந்த இரண்டு கத்திகள், பழனியப்பன் சார் சொன்னது, நான் நிறுத்திய பரீட்சை, விசாரணையில் நான் சொன்ன பொய். மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

நாமக்கல் பஸ் ஒன்று போயிற்று. பிறகு தன் இடது கையைப் பார்த்தாள்.

"இந்தக் கை அன்னிக்கு எங்கங்ணா இருந்துச்சு?"

"என் தோள்ல. சட்டையப் புடிச்சிட்டு இருந்த."

"சும்மாத்தானுங்களே இருந்துச்சு?"

எனக்கு அவள் கேட்பது புரியவில்லை. அவள் எலும்புக் கத்தியை என்னிடம் நீட்டினாள்.

"புடிங்க."

கைப்பிடியை வலது கையால் பிடித்துக்கொண்டேன். அவள் கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுத்தாள். டக்கென்று திறந்துகொண்டது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நானே தொறந்திருப்பேனுங்களேண்ணா" என்றாள்.

இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.